பேய் புத்தகத்திலேயே இருக்கட்டும்!

(இரண்டாமாண்டு, மின்னியல் துறை)



மலர்க் குழுவினர் என்னிடம் வந்து, "நீதான் எப்பப் பார்த்தாலும் பேய்க்கதை படிச்சிட்டிருக்கியே, அதைப் பத்தியே எழுதிக் கொடுடா" என்றார்கள். கிண்டலாகத்தான் கேட்டார்கள். நான் கிண்டலாக எடுத்துக்கொள்ளவில்லை. பணிமனை ரெக்கார்டு நோட்டுக்குள் வேதாளத்தை மறைத்து வைத்துப் படித்து, ஆசிரியரிடம் கையும் களவுமாகப் பிடிபட்டவன் என்ற முறையில் எனக்கு இந்தத் தலைப்பில் முழுத் தகுதி உண்டு!

"டிப்ளமோ படிக்கிறவன் பேய், பூதம், மந்திரவாதின்னு அலையலாமா? இதெல்லாம் மூடநம்பிக்கை இல்லையா?" என்று கேட்கும் நண்பர்கள் விடுதியில் இருக்கிறார்கள். நியாயமான கேள்விதான். எனக்குப் பிடித்த கதைகளையும் படங்களையும் சொல்வதற்கு முன், அந்தக் கேள்விக்கு என் வீட்டுக் கதையைச் சொல்லியாக வேண்டும்.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடத்தைத் தாண்டி முதன்முதலில் படிக்க வந்தவன் நான். அப்பா செங்கல் சூளையில் வேலை. அம்மா இன்றும் கைநாட்டுதான். எங்களுக்குப் பேய்க்கதை சொல்லி வளர்த்தது அப்பத்தா. ஊர்க்கோடிப் புளியமரத்தில் யார் யார் இருக்கிறார்கள் என்று பெயர் சொல்லிக் கூப்பிடுகிற அளவுக்கு அவருக்குப் பழக்கம்! அக்காவும் நானும் ஒரே போர்வைக்குள் நடுங்கிக்கொண்டே, "அப்புறம் என்னாச்சு அப்பத்தா?" என்று கேட்போம்.

நான் எட்டாவது படிக்கும்போது அக்காவுக்குப் பதினாறு வயது. ஒரு நாள் தண்ணீர்க் குடத்தோடு வாசலில் விழுந்தது. கை கால் வெட்டி இழுத்தது. வாயில் நுரை. "புளியமரத்துக்காரிதான் பிடிச்சிட்டா" என்றது ஊர். கோடாங்கி வந்தார், உடுக்கை அடித்தார், வேப்பங்குலையால் விளாசினார். மூன்றாவது தடவை அக்காவின் உள்ளங்கையில் கற்பூரத்தை வைத்துக் கொளுத்தினார். அம்மாவின் தோடு அடகுக்குப் போனது. அக்காவின் படிப்பு நின்றது. இழுப்பு மட்டும் நிற்கவில்லை.

இதில் நான் வெட்கப்படுவது ஒரு விஷயத்துக்காக. எங்கள் பள்ளி வராந்தாவில் ஒரு சுகாதாரச் சுவரொட்டி ஒட்டியிருந்தது. வலிப்பு என்பது நோய், மருந்தால் கட்டுப்படுத்தலாம் என்று அதில் படம் போட்டு எழுதியிருந்தது. நான் தினமும் பார்த்தேன். படித்தேன். புரிந்தது. ஆனால் வீட்டில் வாயைத் திறக்கவில்லை. எட்டாவது படிக்கிற பயல் சொன்னால் யார் கேட்பார்கள் என்ற பயம். ஐந்து மாதம் பேசாமல் இருந்தேன்.

அந்தச் சமயத்தில்தான் ஊர்ப்புற நூலகத்தில் விக்கிரமாதித்தன் கதை கையில் கிடைத்தது. பிணத்தைத் தோளில் சுமந்து போகிற ராஜாவிடம் வேதாளம் கதை சொல்லி, கடைசியில் ஒரு கேள்வி கேட்கும். பதில் தெரிந்தும் சொல்லாமல் இருந்தால் ராஜாவின் தலை வெடித்துவிடும். சொன்னாலோ மௌனம் கலைந்து, வேதாளம் மறுபடி முருங்கை மரம் ஏறிவிடும். மறுபடியும் அலைச்சல். ஆனாலும் ராஜா ஒவ்வொரு முறையும் பதில் சொல்கிறார். அந்த இடத்தைப் படித்தபோது எனக்குத் தலை வெடிப்பது போலத்தான் இருந்தது. அன்று ராத்திரி அப்பாவிடம் சுவரொட்டியைப் பற்றிச் சொன்னேன். அடி விழும் என்று நினைத்தேன். விழவில்லை. மறுநாள் சூளைக்கு லீவு போட்டுவிட்டு அக்காவை அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார்.

"மூளைக்குள்ள ஓடுற மின்சாரம் அப்பப்ப தாறுமாறா ஓடுது, அவ்வளவுதான்" என்றார் டாக்டர் அம்மா. இழுப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வைக்க வேண்டும், வாயில் எதையும் திணிக்கக் கூடாது, கையில் சாவிக்கொத்து கொடுப்பதால் ஒரு பயனும் இல்லை, ஐந்து நிமிஷத்துக்கு மேல் நீடித்தால் உடனே ஆஸ்பத்திரிக்குத் தூக்கி வர வேண்டும் என்றும் சொல்லிக்கொடுத்தார். மாத்திரையை ஒரு நாளும் விடாமல் சாப்பிட்ட அக்காவுக்கு மூன்று வருஷமாக இழுப்பு இல்லை. நான் ஏன் மின்னியல் எடுத்தேன் என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்.

ஆக, என் அக்காவைச் சுட்டதும் ஒரு பேய்க்கதைதான். என் வாயைத் திறந்ததும் ஒரு பேய்க்கதைதான். இரண்டுக்கும் என்ன வித்தியாசம்? ஒன்று, "கேள்வி கேட்காதே, பயப்படு" என்றது. மற்றது, "தெரிந்தால் சொல்" என்றது. அன்றிலிருந்து பேய்க்கதையோ மாயக்கதையோ எதைத் தொட்டாலும் நான் பார்ப்பது இதைத்தான். முடிந்த பிறகு அது நம்மை யோசிக்க வைக்கிறதா, தாயத்து வாங்க வைக்கிறதா? இந்தப் பரீட்சையில் பாஸான சிலரை உங்களுக்கு அறிமுகப்படுத்துகிறேன்.

முதல் மார்க் வேதாளத்துக்குத்தான். இந்தக் கதைகள் பதினோராம் நூற்றாண்டில் காஷ்மீரில் சோமதேவர் எழுதிய கதாசரித்சாகரத்திலேயே இருக்கின்றன. நம் அப்பாக்கள் காலத்துப் பிள்ளைகளுக்கு இதைக் கொண்டுசேர்த்தது 1947ல் தொடங்கிய 'அம்புலிமாமா'. உருவிய வாளும் தோளில் பிணமுமாக விக்கிரமன் நடந்துவரும் அந்தப் படத்தை வரைந்த ஓவியர் சங்கர் 2020ல் மறைந்தார். பத்திரிகையும் இப்போது வருவதில்லை. பழைய இதழ் எங்காவது கிடைத்தால் விடாதீர்கள். படத்தைப் பார்த்தாலே ராத்திரி வாசனை வரும்.

அடுத்து, நம் துறைக்காரர்! சிவகாசியிலிருந்து 1972ல் முத்து காமிக்ஸ் வெளியிட்ட முதல் புத்தகமே 'இரும்புக்கை மாயாவி'. இங்கிலாந்தில் 1962ல் வந்த சித்திரத் தொடரின் தமிழ் வடிவம். விபத்தில் கையை இழந்து இரும்புக்கை பொருத்திக்கொண்டவர், மின்சாரம் பாய்ந்தால் மறைந்துவிடுவார். அந்தக் கை மட்டும் அந்தரத்தில் தெரியும். நாம் லேபில் ஷாக் அடித்தால் மறைய மாட்டோம், போட்டோவாகச் சுவரில் தொங்குவோம் என்பதை முதலாமாண்டுத் தம்பிகள் நினைவில் வைக்கவும்! ஆனால் இதில் ரசிக்க வேண்டியது வேறு. கண்ணுக்குத் தெரியாத சக்தி கிடைத்ததும் அந்த மனிதர் முதலில் தப்பு வழியில்தான் போகிறார். பிறகுதான் திருந்துகிறார். யாரும் பார்க்காதபோது நீ யார் என்பது சின்னக் கேள்வியா?

படங்களில் 'மாயா பஜார்' (1957). சினிமாவில் கம்ப்யூட்டர் என்ற பேச்சே இல்லாத காலத்தில் கே.வி. ரெட்டி இயக்கத்தில் வந்தது. எஸ்.வி. ரங்காராவின் கடோத்கஜன் கல்யாண விருந்தை ஒற்றை ஆளாகக் காலி செய்வதை எத்தனை முறை பார்த்தாலும் எனக்குப் பசிக்கும். ஒளிப்பதிவாளர் மார்கஸ் பார்ட்லி ஸ்டுடியோவுக்குள்ளேயே நிலா வெளிச்சத்தை உண்டாக்கினார். அதில் வரும் மாயப் பெட்டியைத் திறந்தால் மனதுக்குப் பிடித்தவர் உள்ளே தெரிவார். இன்று அந்தப் பெட்டி நம் எல்லோர் சட்டைப் பையிலும் இருக்கிறது. நேற்றைய மாயம் இன்றைய டிப்ளமோ பாடம் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

சிரித்துக்கொண்டே பயப்பட வேண்டுமா? விட்டலாச்சார்யாவின் 'ஜகன்மோகினி' (1978). விறகுக்குப் பதிலாகத் தன் காலையே அடுப்பில் வைத்துச் சமைக்கும் பேயை அதில்தான் பார்த்தேன். அப்பத்தா அதைப் பார்த்துவிட்டு, "கேஸ் விலைக்கு இது தேவலாம்" என்றார்.

பாடப்புத்தகத்தில் புதுமைப்பித்தன் பெயரைப் பார்த்துப் பயந்தவர்கள் 'காஞ்சனை'யைப் படியுங்கள். வீட்டு வேலைக்கு வந்த ஒருத்தி, ராத்திரியில் ஒரு வாடை, தூக்கம் வராத ஒரு எழுத்தாளர். அவ்வளவுதான். பேயா, மனப்பிரமையா என்று கடைசி வரை கையில் பிடித்துக் கொடுக்க மாட்டார். அதே மனிதர் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' கதையில் கடவுளையே சென்னைத் தெருவில் இறக்கிவிட்டு, அவரிடம் பத்திரிகைக்குச் சந்தா வசூலிக்கிறார்! 1948ல் இறந்துபோனவர் எழுதியது என்று நம்பவே முடியாது.

என் பரீட்சைக்கென்றே எழுதியது போல ஒரு நாவல், சுஜாதாவின் 'கொலையுதிர் காலம்'. ஒரே சம்பவத்தைப் பார்த்து வசந்த் பேய் என்பான், கணேஷ் அறிவியல் என்பான். நாம் நடுவில் மாட்டிக்கொண்டு முழிப்போம். பெங்களூரில் பாரத் எலக்ட்ரானிக்ஸில் வேலை பார்த்த இஞ்சினியர் எழுதியது. ராத்திரி பத்து மணிக்குத் தொடங்காதீர்கள், மறுநாள் முதல் பீரியடில் தூங்குவீர்கள்.

இந்திரா சௌந்தர்ராஜன் 2024ல் மறைந்துவிட்டார். அவர் கதையை வைத்து நாகா இயக்கிய 'மர்ம தேசம்' வரிசையின் 'விடாது கருப்பு' 1990களில் தொலைக்காட்சியில் வந்தபோது தெருவே காலியாக இருக்கும் என்று அப்பா சொல்வார். தப்பு செய்தவனைக் குதிரையில் வந்து தண்டிப்பது சாமியா, ஆசாமியா? விடையை நான் சொல்ல மாட்டேன்.

'மணிச்சித்திரத்தாழ்' (1993) மலையாளப் படம். பாசில் இயக்கியது. அதன் வழியில் பி. வாசு எடுத்ததுதான் 2005ல் வந்த நம் 'சந்திரமுகி'. இரண்டிலும் பூட்டிய அறை, சலங்கைச் சத்தம், நடனக்காரி எல்லாம் உண்டு. ஆனால் பாதிக்கப்பட்ட பெண்ணுக்காக முன்னால் நிற்பவர் ஒரு மனநல மருத்துவர். மந்திரவாதி அவருக்குத் துணைக்குத்தான். நிஜ வைத்தியம் ஒரே ராத்திரியில் முடியாது என்பதும், அக்காவுக்கு வந்தது மனநோய் அல்ல என்பதும் எனக்குத் தெரியும். ஆனாலும் அக்கா என்னோடு உட்கார்ந்து முழுசாகப் பார்த்த முதல் பேய்ப்படம் 'சந்திரமுகி'தான். வேப்பிலையால் பெண்ணை அடிக்கிற காட்சியைக் கைதட்டலுக்காக வைக்கும் படங்கள் எத்தனையோ உண்டு. அவை வந்தால் அக்கா எழுந்து சமையல்கட்டுக்குப் போய்விடும். அப்படிப்பட்ட எந்தப் படத்தையும் நான் உங்களுக்குச் சொல்லப்போவதில்லை.

கடைசியாக, விடுதி நண்பனின் லேப்டாப்பில் பார்த்த ஒரு ஜப்பானியக் கார்ட்டூன் படம். மியாசாகி இயக்கிய 'ஸ்பிரிட்டட் அவே' (2001). 2003ல் ஆஸ்கர் வாங்கியது. பேராசையோடு சாப்பிட்டுப் பன்றிகளாக மாறிவிட்ட அப்பா அம்மாவை மீட்க, ஆவிகள் குளிக்க வரும் குளியல் விடுதியில் ஒரு சிறுமி வேலைக்குச் சேர்கிறாள். முதலாளியம்மா அவள் பெயரைப் பிடுங்கி, பாதியாக்கிவிடுகிறாள். சொந்தப் பெயரை மறந்தால் ஊர் திரும்ப முடியாது. விடுமுறையில் ஒரு கம்பெனியில் பயிற்சிக்குப் போனபோது என்னையும் ஒரு மாதம் நம்பர் சொல்லித்தான் கூப்பிட்டார்கள். அப்போது அந்தச் சிறுமியை நினைத்துக்கொண்டேன். தினமும் ஷிப்ட் முடிந்ததும் வீட்டுக்குப் போன் பண்ணுவேன். அம்மா பெயர் சொல்லிக் கூப்பிட்டால்தான் தூக்கம் வரும்.

நண்பர்களே! பேயை நான் நம்புகிறேனா? இல்லை. ஆனால் பேய்க்கதையை நம்புகிறேன். நல்ல கதை பயத்தைக் கையில் எடுத்துப் பார்க்கப் பழக்குகிறது. அப்படிப் பழகியவனை உடுக்கைச் சத்தம் ஏமாற்ற முடியாது. பேய் புத்தகத்திலும் திரையிலும் எவ்வளவு வேண்டுமானாலும் ஆடட்டும். நம் வீட்டுப் பெண்கள் மேல் ஏற்றிவிட மட்டும் விடக்கூடாது.

போன தீபாவளிக்கு ஊருக்குப் போனபோது பெரிய எழுத்து விக்கிரமாதித்தன் கதை ஒன்று வாங்கிப்போனேன். நான்தான் வாசிக்க நினைத்தேன். அக்கா வாங்கிக்கொண்டது. நின்றுபோன படிப்புக்குப் பிறகு அதன் கையில் நான் பார்த்த முதல் புத்தகம். தழும்பு இருக்கிற கையால் பக்கத்தைப் பிடித்துக்கொண்டு, எழுத்துக் கூட்டி வாசித்தது. வேதாளம் கேள்வி கேட்டதும் நிறுத்தி, "நீ சொல்லு அப்பத்தா" என்றது. அப்பத்தா ரொம்ப நேரம் யோசித்தார். பிறகு அக்காவின் கையைத் தடவிக்கொண்டே, "எனக்குத் தெரியலை ஆத்தா. அன்னிக்கும் தெரியலை" என்றார்.

நமக்குத் தெரிகிறது. படிக்க வந்ததே அதற்குத்தானே? உங்கள் தெருவிலும் எங்காவது உடுக்கைச் சத்தம் கேட்கலாம். தெரிந்த பதிலைச் சொல்லிவிடுங்கள் நண்பர்களே!

பின்குறிப்பு: மேலே சொன்ன புத்தகங்களில் நான்கு என் அறையில் இருக்கின்றன. எப்போது வேண்டுமானாலும் வந்து வாங்கிக்கொள்ளலாம். திருப்பித் தராதவர்கள் கனவில் ஜகன்மோகினி வருவாள்!