பெனர் கட்டிய கைகளே...



பிள்ளை கெம்பஸ் போனால் சந்தியில் பெனர் கட்டுகிறோம். அதே பிள்ளை விரிவுரையாளரானால் இன்னொரு பெனர். அதோடு நமது கடமை முடிந்துவிடுகிறது.

தகுதிகாண் விரிவுரையாளர் என்பது நிரந்தர வேலை இல்லை. குறித்த காலத்துக்குள் பட்டமேற்படிப்பை முடித்தால்தான் நியமனம் உறுதியாகும். கல்யாணமும் பிள்ளைப்பேறும் வருவது அதே வருடங்களில்தான். 84 வேலை நாட்கள் பிரசவ லீவு இருக்கிறது. அது முடிந்த அடுத்த நாள் பிள்ளையை யார் பார்ப்பது? உம்மாவுக்கும் வயதாகிவிட்டது. கணவர் பார்க்கலாமே என்றால் நாம் சிரிக்கிறோம். பகலில் லெக்சர், இரவில் பிள்ளையின் காய்ச்சல், பிள்ளை தூங்கிய பிறகு ஆய்வு. களைத்துப்போய் அழுதால், "உனக்கென்ன, கெம்பஸ் சம்பளம்" என்கிறோம்.

வெளிநாட்டில் கலாநிதிப் படிப்புக்கு இடம் கிடைத்தால் உடனே கேட்கிறோம், மஹ்ரம் யார் என்று. கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் சவூதிக்கும் குவைத்துக்கும் வீட்டு வேலைக்குத் தனியே போன தாய்மாரிடம் இதை எத்தனை பேர் கேட்டோம்? அவர்கள் அனுப்பிய காசில் கட்டிய வீடு குடிபோன அன்று புரியாணியும் சாப்பிட்டோமே!

மகளை ஹொஸ்டலில் விடப் போனால், "லேடி லெக்சரர்மார் இருக்கிறாங்களா?" என்று முதலில் விசாரிப்பதும் நாம்தான். நமது வீட்டு லெக்சரரை வேலையை விடச் சொல்லிவிட்டு, அடுத்த வீட்டில் தேடுகிறோம்.

அடுத்த பெனர் கட்டமுதல் பெண் வீட்டில் குடியிருக்கும் அந்த மாப்பிள்ளையிடம் கேட்போம்: தம்பி, மஃரிபுக்குப் பிறகு இரண்டு மணித்தியாலம் பிள்ளையை நீங்கள் வைத்திருப்பீர்களா?