டீசல் வண்டி வெளியில் நிற்கட்டும்

துறைமுகத்திலோ தொழிற்சாலை முற்றத்திலோ ‘ஃபோர்க்லிப்ட்’ என்ற வண்டியை நீங்கள் பார்த்திருக்கலாம். முன்னால் நீண்டிருக்கும் இரண்டு இரும்புக் கரங்களைச் சரக்கின் அடியில் நுழைத்து, அப்படியே தூக்கிச் செல்லும். பௌதிகப் பாடத்தில் வரும் நெம்புகோல்தான் இது. முன்சக்கரங்கள் ஆதாரப்புள்ளி, ஒரு புறம் சரக்கு, மறுபுறம் வண்டியின் பின்பகுதியில் இருக்கும் கனத்த இரும்பு.

இவற்றில் டீசலிலும் எல்.பி.ஜி.யிலும் ஓடுபவை உண்டு. பாட்டரியில் ஓடுபவையும் உண்டு. எரிபொருள் வண்டிகளை ஒரேயடியாகப் பழிப்பது நியாயமல்ல. ஒரு கிலோ டீசலில் சுமார் 43 மெகாஜூல் சக்தி அடங்கியிருக்கிறது. எஞ்சின் அதில் மூன்றில் ஒரு பங்கைத்தான் வேலையாக மாற்றுகிறது என்று கொண்டாலும் 14 மெகாஜூல் மிஞ்சும். ஒரு கிலோ ஈய-அமில பாட்டரியில் சேமிக்க முடிவதோ சுமார் 0.13 மெகாஜூல்தான். நூறு மடங்கு வித்தியாசம்! டீசல் டாங்கைச் சில நிமிடங்களில் நிரப்பிவிடலாம். அந்தப் பாட்டரிக்குச் சுமார் 8 மணி நேரம் வேண்டும். மழையும் சேறுமான திறந்தவெளியில், பல டன் சரக்கை நாள் முழுவதும் தூக்க டீசல் வண்டி நல்ல துணை.

ஆனால் அந்த நூறு மடங்கைக் கண்டு மயங்கிவிடாதீர்கள். காரில் பாட்டரியின் எடை வீண் சுமை. இங்கோ பின்புறத்தில் எப்படியும் கனம் தேவை. அந்த வேலையைப் பாட்டரியே செய்துவிடுகிறதே!

வண்டி கூரைக்குள் நுழையும்போதுதான் உண்மையான ஆபத்து. உருளைக்கிழங்கையும் மீனையும் பாதுகாக்கும் குளிர்பதனக் கிடங்கை எண்ணிப் பாருங்கள். குளிர்ச்சி வெளியேறாதிருக்கக் கதவுகளை மூடியே வைப்பார்கள். எல்.பி.ஜி. ‘சுத்தமான எரிபொருள்’ என்று அங்கே அந்த வண்டியை ஓட்டுவதுண்டு. கரி குறைவு என்பது மெய்தான். ஆனால் எஞ்சினில் வாயுவும் காற்றும் சரியான விகிதத்தில் கலக்காவிட்டால் கார்பன் மோனாக்சைடு ஏராளமாக உண்டாகும். நம் இரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின், பிராணவாயுவைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்புடன் அதைப் பற்றிக்கொள்கிறது. தலைவலி, கிறுகிறுப்பு, குமட்டல் வரும். குளிரிலும் களைப்பிலும் வந்தது என்று தொழிலாளி நினைத்துக்கொள்வார். சமையல் வாயு கசிந்தால் தெரிய வேண்டும் என்று அதில் நாற்றம் சேர்க்கிறார்கள் அல்லவா? எரிந்தபின் வெளிவரும் இந்த நஞ்சுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை.

டீசலில் இந்த வாயு குறைவு. பதிலாகப் புகைக்கரி உண்டு. டீசல் புகை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 2012-இல் அறிவித்தது.

வாங்கும் விலை குறைவு என்பதே இவ்வண்டிகளுக்காகச் சொல்லப்படும் முக்கிய வாதம். அந்த மிச்சம் கிடங்குக்காரருக்குச் சேர்கிறது. புகையோ உள்ளே மூட்டை அடுக்குபவருக்கு. மூடிய கிடங்குக்குள் எரிபொருள் வண்டிக்கு இடம் தரவே கூடாது என்பது என் கருத்து. பாட்டரிக்கு 8 மணி நேரம் காத்திருக்க வேண்டும் என்ற சாக்கும் இனிச் செல்லாது. லித்தியம் பாட்டரி தக்க சார்ஜருடன் ஓரிரு மணி நேரத்தில் நிறைந்துவிடும்; சாப்பாட்டு இடைவேளையிலும் கொஞ்சம் ஏற்றிக்கொள்ளலாம்.