திரும்பி வந்த அன்பளிப்பு



ஆம்பூரில் காலணி தைத்து ஏற்றுமதி செய்யும் நண்பர் ஒருவர், சில ஆண்டுகளுக்கு முன் மிகுந்த மனவருத்தத்துடன் என் இல்லம் வந்தார். இங்கிலாந்து நாட்டு நிறுவனம் ஒன்று முதன்முறையாக அவருக்கு ஆர்டர் அளித்திருந்தது. மாதிரிகளைப் பொறுமையுடன் பார்த்து, குறைகளைச் சுட்டிக்காட்டி, அந்த ஆர்டர் கைகூடத் துணை நின்றவர் அந்நிறுவனத்தின் கொள்முதல் அதிகாரி. அவருக்கு நன்றி செலுத்த விரும்பிய நண்பர், தேர்ந்த தோலில் பயணப்பை ஒன்றைச் செய்து அவருடைய வீட்டு முகவரிக்கு அனுப்பி வைத்தார். இரண்டு வாரங்களில் பை திரும்பி வந்துவிட்டது. தாம் இதனை மேலிடத்திற்கு எழுத்து மூலம் தெரிவிக்க நேர்ந்ததாகவும், இனி இவ்வாறு அனுப்ப வேண்டாம் என்றும் ஒரு கடிதம் உடன் இருந்தது.

"நான் லஞ்சமா கொடுத்தேன் பாய்? நன்றி சொல்வதற்குக்கூடவா தடை?" என்று கேட்டார் நண்பர்.

பை அனுப்புமுன் அவர் என்னிடம் யோசனை கேட்டிருந்தார். "தாராளமாக அனுப்புங்கள்" என்று சொன்னவனும் நானே! ஆகவே, அவருடைய கேள்விக்கு விடை தேடும் கடமை எனக்கும் இருந்தது.

அன்பளிப்பு உள்ளங்களை இணைக்கும் என்பதில் ஐயமில்லை. ஆயினும், பொறுப்பில் இருப்பவருக்கு அளிக்கப்படும் அன்பளிப்பின் நிலை வேறு. ஜகாத் வசூலிக்கச் சென்று திரும்பிய ஒருவர், ஒரு பகுதியைப் பொதுநிதிக்கென்றும், மறு பகுதியைத் தமக்குக் கிடைத்த அன்பளிப்பென்றும் பிரித்துக் காட்டினார். அவர் தம் பெற்றோர் வீட்டிலேயே அமர்ந்திருந்தால் அந்த அன்பளிப்பு அவரைத் தேடி வந்திருக்குமா என்று அண்ணல் நபி (ஸல்) அவர்கள் வினவினார்கள். இந்நிகழ்ச்சி நாம் அறிந்ததே. அந்த அதிகாரி அந்த நாற்காலியில் இல்லாதிருந்தால் பை சென்றிருக்குமா என்று நண்பரிடம் கேட்டேன். அவர் தலைகுனிந்து, "சென்றிருக்காது" என்றார்.

இன்று சட்டங்களும் இதே வினாவைத்தான் எழுப்புகின்றன. 2011 ஜூலை முதல் நடைமுறையில் உள்ள இங்கிலாந்தின் லஞ்சத் தடைச் சட்டம், அரசு அலுவலரோடு நில்லாமல் தனியார் நிறுவனங்களுக்கும் பொருந்துவது. கொடுப்பவரும் வாங்குபவரும் அதன் பிடிக்குள் வருவர். நேர்மையான உபசாரத்தை அச்சட்டம் தடுக்கவில்லை. எனினும், சந்தேகத்திற்கு இடமளிக்க விரும்பாத நிறுவனங்கள் தத்தம் ஊழியருக்குக் கடும் வரம்புகளை வகுத்திருக்கின்றன. நம் நாட்டிலும், அரசு ஊழியருக்கு லஞ்சம் கொடுப்பவரைத் தண்டிக்க 2018ஆம் ஆண்டின் திருத்தம் நேரடியாகவே வழி செய்துள்ளது.

அமெரிக்க மத்திய அரசு ஊழியருக்கான விதி இன்னும் துல்லியமானது. ஒருவரிடமிருந்து ஒரு முறைக்கு 20 டாலர், ஆண்டு முழுவதற்கும் 50 டாலர் மதிப்பு வரையே அவர்கள் பொருளாகப் பெறலாம். ஆனால் அதே விதி, வாழ்த்து மடலை அன்பளிப்புக் கணக்கிலேயே சேர்ப்பதில்லை. தடை விதிக்கப்பட்டது பொருளுக்கே; நன்றிக்கு அன்று!

அவ்வாறாயின், புதிய வாடிக்கையாளருக்கு நன்றி செலுத்துவது எங்ஙனம்?

முதலாவதாக, அவருடைய நிறுவனத்தின் விதி யாதெனக் கேட்டறிதல் வேண்டும். கேட்பது இழிவன்று, கேட்காமல் அனுப்பி அவரைச் சங்கடத்தில் ஆழ்த்துவதே இழிவு. விதி இடமளித்தால், இனிப்போ பேரீச்சம்பழமோ, அலுவலகத்தின் பெயருக்கு, அனைவரும் பகிர்ந்துண்ணும்படி அனுப்பலாம். வீட்டு முகவரிக்கு எதுவும் செல்லலாகாது. விலைப் பேச்சோ டெண்டரோ நடைபெறும் நாட்களில் சிறு பொருளும் அனுப்பலாகாது. பணமும் பரிசுக் கூப்பனும் எக்காலத்திலும் வேண்டா.

இரண்டாவதாக, கைப்பட ஒரு கடிதம் எழுதுங்கள். "தங்கள் ஆதரவுக்கு நன்றி" என்று எல்லோருக்கும் அச்சடித்து அனுப்பும் வரி போதாது. அவர் செய்த உதவி எது, அதனால் விளைந்த நன்மை எது என்பதைப் பெயர் சொல்லிக் குறிப்பிட வேண்டும். அவருடைய மேலதிகாரிக்கும் அதனை எழுதினால், எந்தப் பொருளும் தர முடியாத பெருமையை அவருக்குத் தந்தவர்களாவோம்.

மூன்றாவது, எல்லாவற்றிலும் மேலானது: சொன்ன தேதியில், சொன்ன தரத்தில் சரக்கைக் கொண்டு சேர்ப்பது. தாமதம் நேருமெனில், அவர் கேட்குமுன் நாமே தெரிவிப்பது. நம்மை நம்பிப் பரிந்துரைத்தவர் தம் அலுவலகத்தில் தலைநிமிர்ந்து நிற்கச் செய்வதே உண்மையான நன்றிக்கடன்.

நண்பர் அவ்வாறே செய்தார். முதலில் வருத்தம் தெரிவித்து அதிகாரிக்கு எழுதினார். பின்னர் அவருடைய மேலாளருக்கு ஒரு கடிதம் வரைந்தார். மாதிரியில் குதிகால் அளவு தவறியிருந்ததை அந்த அதிகாரி உரிய நேரத்தில் கண்டு சொன்னதையும், அதனால் ஒரு தொகுதிச் சரக்கே வீணாகாமல் தப்பியதையும் அதில் விவரித்திருந்தார். சரக்கையும் குறித்த நாளில் கப்பலேற்றினார்.

சில வாரங்களுக்குப் பின் அதிகாரியிடமிருந்து பதில் வந்தது. அக்கடிதத்தை அலுவலகத்தில் அனைவரும் படித்ததாகவும், தம் பணிக்காலத்தில் இப்படியொரு கடிதம் பெற்றதில்லை என்றும் எழுதியிருந்தார்.

அந்தப் பயணப்பை இன்றும் நண்பரின் அலுவலக அலமாரியில் இருக்கிறது. புதிதாகத் தொழில் தொடங்கும் இளைஞர்கள் வரும்போது, அதைக் காட்டியே அவர் பேச்சைத் தொடங்குகிறார். ஒளிவின்றி எல்லோர் முன்னும் கொடுக்கக் கூடியதை மட்டுமே கொடுங்கள் என்பதே அவர் அவர்களுக்குச் சொல்லும் அறிவுரை. அன்று தவறான யோசனை சொன்ன நானும் அதையே வழிமொழிகிறேன்.