மூழ்கினானா, மாய்த்துக்கொண்டானா?

வட்டுக்கோட்டையில் அமெரிக்க மிஷனரிமாரின் செமினரி 1823ஆம் ஆண்டு தொடங்கிய காலந்தொட்டே யாழ்ப்பாணத்தில் ஆங்கிலப் பயிற்சி வேரூன்றலாயிற்று. எனினும், 'செல்ஃப்' என முடியும் சிறு சொற்கள் இன்றும் நம்மிற் பலரை மயக்குகின்றன.

தமிழில் 'கொள்' என்னும் துணைவினை இப்பணியைப் பெரும்பாலும் செய்கின்றது. 'சவரஞ் செய்துகொண்டான்', 'உடுத்துக்கொண்டான்' என்கின்றோம். ஆங்கிலேயரோ இவ்விடங்களில் வினையை மட்டுமே கூறி அமைவர், 'ஹிம்செல்ஃப்' வேண்டுவதில்லை. மாறாக, கீரிமலையில் நீராடி மகிழ்ந்ததை 'வீ என்ஜோய்ட்' என நிறுத்தினால் வாக்கியம் குறைபடும். 'அவர்செல்வ்ஸ்' வந்தே தீரவேண்டும்.

இவை பரீட்சையில் ஒன்றிரண்டு புள்ளிகளையே குறைக்கும். ஒரு பிழையோ குடும்பத்தையே வருத்தவல்லது. 'ஹீ ட்ரௌண்ட்' எனின், நீரில் மூழ்கி இறந்தான் என்பதே பொருள். அதனோடு 'ஹிம்செல்ஃப்' சேரின், வேண்டுமென்றே உயிரை மாய்த்துக்கொண்டான் என்றாகிவிடும். நம்மவரோ, 'பிறர் தள்ளவில்லை, தானாகவே விழுந்தான்' என்னுங் கருத்தில் அச்சொல்லைச் சேர்த்தல் கூடும். தமிழின் 'தானாக' தற்செயலைக் காட்டும். ஆங்கிலத்தின் 'ஹிம்செல்ஃப்' இவ்விடத்தில் மனத்துணிபைக் காட்டும். கிணற்றில் கால் இடறி வீழ்ந்தவன்மீது தற்கொலைப் பழி ஏறிவிடுமன்றோ?

'கட் ஹிம்செல்ஃப்' என்புழியோ, கத்தி தவறிப் பட்டதென்றே பெரும்பாலுங் கொள்வர். ஆகவே, பொதுவிதி ஒன்றை நம்பியிருத்தல் தகாது. ஒவ்வொரு வினையையும் அதன் வழக்கோடு சேர்த்துக் கற்றலே நன்று. மரண விசாரணைக்கோ காப்புறுதிக்கோ ஆங்கிலத்தில் எழுதுவோர், அச்சிறு சொல்லை இருமுறை நோக்கிய பின்னரே கையொப்பமிடுவாராக.