இரு தாயருக்கும் ஒரே அளவுகோல்

போர் 2009ஆம் ஆண்டு மே மாதத்தில் முடிந்தது. ஆயினும், பிள்ளையைக் களத்துக்கு அனுப்பிய வீட்டில் அது முடிந்துவிட்டதா? மாண்டவனுக்கு ஈமக்கடன் உண்டு. காணாமற் போனவனுக்கு என்ன உண்டு?

கண்டியைச் சேர்ந்த விசாகா தர்மதாச அம்மையாரின் மைந்தர் இராணுவ அதிகாரி. 1998 செப்டெம்பரில் கிளிநொச்சிச் சமரில் அவர் காணாமற் போனார். அம்மையார் அழுது ஓய்ந்துவிடவில்லை. தம்மைப் போன்ற பெற்றோரைத் திரட்டினார். போர்வீரருக்கு முறையான அடையாளத் தகடு வேண்டுமென வாதாடினார். விடுதலைப் புலிகளின் பிரதிநிதிகளையும் நேரிற் சந்தித்தார். போரினாற் பாதிக்கப்பட்ட பெண்களின் சங்கம் கண்டியிலே தோன்றியது. தமிழ்த் தாயரும் அதில் இணைந்தனர்.

இராணுவக் குடும்பங்களின் நலனுக்கென 1999இல் ரணவிரு சேவா அதிகாரசபைச் சட்டம் இயற்றப்பட்டது. உதவி வேண்டியதே. ஆனால், கொடுத்த வீடும் பணமும் அரசாங்கத்தின் செலவுக் கணக்கு. அவை குடும்பத்தின் நலக் கணக்கு ஆகா. விதைத்த நெல்லை எண்ணி விளைச்சல் இத்தனை புசல் என்று சொல்லும் உழவன் உண்டா?

வியத்நாம் போரிற் காணாமற் போன அமெரிக்க விமானிகளின் குடும்பங்களை 1970களில் ஆராய்ந்தார் போலின் பாஸ் என்னும் அறிஞர். இருக்கிறானா, இறந்தானா என்று அறியாத நிலைக்குத் 'தெளிவற்ற இழப்பு' எனப் பெயரிட்டார். அந்த ஐயமே குடும்பத்தை முடக்குகின்றது என்றார். ஆகவே கேட்கவேண்டிய கேள்விகள் வேறு: இரவில் உறக்கம் உண்டா? பிள்ளைகள் பள்ளி செல்கின்றனரா? கடன் ஏறுகின்றதா, இறங்குகின்றதா? மனம் விட்டுப் பேச அயலார் உளரா? இவற்றை அதே குடும்பங்களிடம், அவரவர் தாய்மொழியில், ஆண்டுதோறும் கேட்கவேண்டும். கண்ணீர் வற்றுவதன்று மனவுறுதி. கண்ணீரோடும் வாழ்வை நடத்துவதே மனவுறுதி.

"சிங்களச் சிப்பாயின் தாயைப் பற்றித் தமிழருக்கு என்ன கவலை?" என்று சிலர் வினவலாம். கவலை உண்டு. 2017 பெப்ரவரியிற் கிளிநொச்சியில் தெருவோரம் அமர்ந்த நம் தாயர் கேட்டதும் இதே கேள்வியைத்தான்: "என் பிள்ளை எங்கே?" 2016இல் இயற்றப்பட்ட காணாமற்போனோர் அலுவலகச் சட்டம், சமரில் மறைந்த சிப்பாயையும் வலிந்து காணாமலாக்கப்பட்ட குடிமகனையும் தன்னுள் அடக்குகின்றது. சட்டத்தில் உள்ள சமத்துவம் நடைமுறையில் வேண்டாமா?

பேராதனைப் பல்கலைக்கழக அறிஞர்கள் இப்பணியைத் தொடங்கட்டும். கண்டித் தாயையும் கிளிநொச்சித் தாயையும் ஒரே அளவுகோலால் அளக்கட்டும். ஒருத்திக்கு விடை தேடி மற்றவளைத் தெருவில் விடும் நாடு, இருவரையுமே ஏமாற்றுகின்றது.