பெட் ஸ்கேன் யாருடைய நுரையீரலைப் பார்க்கிறது?

"புற்றுநோயை முளையிலேயே கண்டுபிடிக்க பெட் ஸ்கேன்" என்ற விளம்பரத்தைப் பார்க்கும்போதெல்லாம் எங்கள் பகுதி அண்ணன் ஒருவர் நினைவுக்கு வருகிறார். குப்பை வண்டியில் 20 ஆண்டுகள் ஒப்பந்தத் தொழிலாளி. இருமல் நிற்கவில்லை. எக்ஸ்ரேயில் நிழல் தெரிந்தது. சளியில் கிருமி இல்லை, ஆனாலும் காசநோய் மாத்திரை கொடுத்தார்கள். 6 மாதம் விழுங்கினார். சளியில் ரத்தம் வந்த பிறகு பெரிய ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். மூச்சுக்குழாயில் தொடங்கிய புற்று அதற்குள் எலும்புக்குப் போயிருந்தது. அந்த 6 மாதத்தில் "என்ன வேலை செய்கிறாய்?" என்று ஒருவர்கூட அவரிடம் கேட்கவில்லை.

இது அவர் ஒருவரின் கதை மட்டும் இல்லை. நுரையீரல் புற்றுள்ள பலர் முதலில் காசநோய் மருந்து சாப்பிட்டுவிட்டுத் தாமதமாக வருகிறார்கள் என்று இந்திய மருத்துவர்களே பல காலமாக எழுதி வருகிறார்கள். இதற்குத் தீர்வு பெட் ஸ்கேனா?

முதலில் கருவியைப் புரிந்துகொள்வோம். குளுக்கோஸ் போன்ற ஒரு பொருளில் ஃபுளூரின்-18 என்ற கதிரியக்க அணுவைச் சேர்த்து ஊசி போடுகிறார்கள். புற்றுச் செல்கள் சர்க்கரையை அதிகம் இழுக்கும், அந்த இடம் படத்தில் ஒளிரும். அந்த அணுவின் அரை ஆயுள் சுமார் 110 நிமிடம்தான். அதனால் மருந்தை வாங்கிச் சேமித்து வைக்க முடியாது, சில மணி நேரப் பயணத்தில் சைக்ளோட்ரான் இருக்க வேண்டும். இந்தக் கருவி பெருநகரங்களில் குவிந்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

மூச்சுக்குழாயில் புற்று தொடங்கும்போது உள்சவ்வில் மெல்லிய படலமாக, சில மில்லிமீட்டர் அளவில்தான் இருக்கும். இவ்வளவு சிறியதை பெட் எளிதில் தவறவிடும். இன்னொரு சிக்கலும் உண்டு. அழற்சி உள்ள இடமும் சர்க்கரையை இழுக்கும். காசநோய்ப் புண்ணும், கல்தூசு உண்டாக்கிய சிலிக்கோசிஸ் கட்டியும் புற்றைப் போலவே ஒளிரும். ஆகவே காசநோயும் தூசும் நிறைந்த இடத்தில் வாழும் உடலில்தான் இந்தக் கருவி அதிகம் குழம்புகிறது. அது யாருடைய உடல் என்று நான் சொல்ல வேண்டுமா?

பெட் ஸ்கேன் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. புற்று உறுதியான பிறகு அது எங்கே பரவியிருக்கிறது, அறுவை செய்யலாமா என்று தீர்மானிக்க அது தேவை. அது நம் உரிமை. ஆனால் நோயை முளையிலேயே பிடிக்கும் வலை என்று அதை விற்பது வியாபாரம். "எல்லோருக்கும் இலவச பெட்" என்று நாம் முழங்கினால் காப்பீட்டுப் பணம் தனியார் ஸ்கேன் மையங்களுக்குப் போகும். நமக்குக் கிடைப்பது கதிர்வீச்சும் பொய் எச்சரிக்கையும்தான்.

முன்கூட்டியே தேடுவதற்கு வலுவான சான்று குறைந்த கதிர்வீச்சு சி.டி.க்குத்தான் உண்டு. 2011இல் வெளியான அமெரிக்க ஆய்வில் 53,000க்கும் மேற்பட்டோரைச் சோதித்தார்கள். எக்ஸ்ரே எடுத்தவர்களைவிட சி.டி. எடுத்தவர்களிடையே நுரையீரல் புற்றுச் சாவு 20 சதவீதம் குறைந்தது. பெரிய மூச்சுக்குழாய்களின் உட்சுவரைப் பார்க்க பிராங்கோஸ்கோப்பி வேண்டும். ஆனால் அந்த ஆய்வுக்கு ஆட்களைத் தேர்ந்தெடுத்த அளவுகோல் வயதும் சிகரெட் கணக்கும். கல்குவாரித் தூசுக்கும் குப்பைப் புகைக்கும் அதில் கணக்கு இல்லை. சிலிக்கா தூசு புற்றை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு முகமை 1997இலும், டீசல் புகை உண்டாக்கும் என்று 2012இலும் அறிவித்துவிட்டது. 2022 ஏப்ரலில் பெருங்குடி குப்பைமேடு எரிந்தபோது அந்தப் புகைக்குள் நின்றவர்கள் யார்? இந்த நாட்டில் சாதி தொழிலைப் பிரித்துக் கொடுக்கிறது, தொழில் நோயைப் பிரித்துக் கொடுக்கிறது. பிறகு மருத்துவமனை வந்து "பீடி குடித்தாயா?" என்று மட்டும் கேட்கிறது.

நாம் கேட்க வேண்டியவை இவை:

ஒன்று, அரசு மருத்துவமனைச் சீட்டில் நோயாளியின் தொழிலும் எத்தனை ஆண்டு செய்தார் என்பதும் கட்டாயம் எழுதப்பட வேண்டும்.

இரண்டு, சளியில் கிருமி இல்லாமல் காசநோய் மருந்து சாப்பிடுபவருக்கு இருமல் குறையவில்லை என்றால் 6 மாதம் காத்திருக்கக் கூடாது. மாவட்ட அரசு மருத்துவமனையிலேயே சி.டி., பிராங்கோஸ்கோப்பி, திசுப் பரிசோதனை நடக்க வேண்டும்.

மூன்று, ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர்களுக்கும் குவாரித் தொழிலாளர்களுக்கும் ஆண்டுதோறும் நுரையீரல் பரிசோதனை வேண்டும். யாருக்கு எந்தச் சோதனை பயன்படும் என்று நம் மக்களிடையே அரசு ஆய்வு நடத்த வேண்டும்.

நான்கு, மருத்துவர் எழுதிய பெட் ஸ்கேன் தாமதமும் செலவும் இல்லாமல் ஏழைக்குக் கிடைக்க வேண்டும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, புகையையும் தூசையும் நிறுத்த வேண்டும். நோயை முளையில் கண்டுபிடிப்பதைவிட முளைக்காமல் தடுப்பது பெரிய வேலை.

மாணவத் தோழர்களே, உங்கள் ஊர் தூய்மைப் பணியாளர்களில் யார் யாருக்கு நாள்பட்ட இருமல் இருக்கிறது என்று இந்த வாரம் போய்க் கேளுங்கள். அவர்களுடைய மருத்துவச் சீட்டை வாங்கிப் பாருங்கள். தொழில் எழுதும் இடம் காலியாக இருந்தால், அங்கிருந்தே நம் போராட்டத்தைத் தொடங்குவோம்.

ஜெய் பீம்!