அரை மாத்திரை அப்பாக்கள்

ரிடையரான அப்பாக்களிடம் ஒரு பழக்கம் உண்டு. டாக்டர் எழுதிக் கொடுத்த சீட்டை அப்படியே ஒப்புக்கொள்ள மாட்டார்கள். முப்பத்தைந்து வருஷம் ஆபீஸில் யார் யாரோ எழுதிக் கொண்டுவந்த டிராஃப்டை அடித்துத் திருத்திய கை, ஸார் அது. சும்மா இருக்குமா? "10 மில்லிகிராம் எதுக்கு? 5 போதும்" என்று தீர்ப்பு எழுதிவிட்டு, வெங்காயம் நறுக்குகிற கத்தியால் மாத்திரையை இரண்டாக உடைப்பார்கள். ஒரு பாதி பறந்துபோய் ஃப்ரிட்ஜுக்கு அடியில் விழும். மறு பாதியை விழுங்கிவிட்டு, "மாசம் நூறு ரூபா மிச்சம்" என்று பெருமிதம் வேறு.

பி.பி. மாத்திரைக்கே இந்தக் கதி. மனசுக்கு என்று எழுதிக் கொடுத்த மாத்திரையாக இருந்துவிட்டால் கேட்கவே வேண்டாம். "எனக்கு என்ன பைத்தியமா?" என்று ஒரே கேள்வியில் சீட்டு மடித்து காலண்டருக்குப் பின்னால் செருகப்படும். தமிழ் சினிமா காமெடியில் 'கீழ்ப்பாக்கம்' என்று சொல்லிச் சொல்லியே ஓர் ஊரின் பெயரை நாம் கெடுத்து வைத்திருக்கிறோம், அதன் பலன்.

அவருக்கு ஒரு கதை சொல்லுங்கள். 1952-ல் நியூயார்க்கில் ஸ்டேட்டன் ஐலண்ட் என்ற இடத்தில் ஒரு காசநோய் ஆஸ்பத்திரி. இப்ரோனியாஸிட் என்று புதிதாக ஒரு காசநோய் மருந்து கொடுத்துப் பார்த்தார்கள். படுத்த படுக்கையாகக் கிடந்தவர்கள் எழுந்து உட்கார்ந்து சிரிக்கிறார்கள், அரட்டை அடிக்கிறார்கள். டாக்டர்களுக்கே திகைப்பு. மனச்சோர்வுக்கு மாத்திரை என்கிற சமாசாரம் இப்படி நெஞ்சு வியாதி வார்டிலிருந்து ஆரம்பித்த ஒன்று. இதில் வெட்கப்பட என்ன இருக்கிறது?

வயசானவர்கள் "எனக்கு மனச்சோர்வு" என்று வாயைத் திறந்து சொல்ல மாட்டார்கள். "தூக்கம் வரலே", "நெஞ்சு படபடங்குது", "சாப்பாடு பிடிக்கலே" என்பார்கள். ஈ.சி.ஜி. நார்மல். ஸ்கேன் நார்மல். ஆனால் காலையில் பேப்பருக்கு அடித்துக்கொள்கிற மனிதர் பேப்பரைப் பிரிக்காமலே வைத்திருப்பார். விஷயம் தெரிந்த டாக்டர் உட்கார வைத்துப் பேசிவிட்டு ஒரு சீட்டு எழுதுவார். அதில் பெரும்பாலும் இரண்டு ஜாதி மாத்திரைகள் இருக்கும். நம் வீடுகளில் குழப்பம் ஆரம்பிப்பது இங்கேதான்.

நான் பி.காம். எனக்குத் தெரிந்த பாஷையில் சொல்கிறேன்.

எஸிடாலோப்ராம், செர்ட்ராலின் மாதிரி மனச்சோர்வு மாத்திரைகள் ரெக்கரிங் டெபாசிட். தினம் கட்ட வேண்டும். உடனே ஒன்றும் கைக்கு வராது. பலன் தெரிய இரண்டு வாரமாவது ஆகும். முழுசாகத் தெரிய நாலு முதல் ஆறு வாரம். வயசானவர்களுக்கு இன்னும் கூட ஆகலாம். இதில் ஒரு சங்கடம், பக்க விளைவு மட்டும் முதல் வாரமே ஆஜராகிவிடும். குமட்டல், கொஞ்சம் பதற்றம், தூக்கக் குறைவு. அப்பா அஞ்சாம் நாள் "இது எனக்கு ஒத்துக்கலே" என்று நிறுத்திவிடுவார். பணம் கொடுத்து டிக்கெட் வாங்கி, டைட்டில் ஓடும்போதே தியேட்டரை விட்டு எழுந்து வந்த மாதிரி. பெரும்பாலும் ஒன்றிரண்டு வாரத்தில் அந்தத் தொந்தரவு குறைந்துவிடும். குறையவில்லை என்றால் டாக்டரிடம் சொல்ல வேண்டும். நாமாக நிறுத்தக் கூடாது.

அல்ப்ரஸோலம், குளோனஸிபாம், டயஸிபாம் வகையறா வேறு ஜாதி. இது கைமாற்று. கேட்ட அரை மணி, ஒரு மணியில் கையில் காசு. படபடப்பு அடங்கும், தூக்கம் வரும். அப்பாவுக்கு ரொம்பப் பிடித்துப் போகும். "இதுதான்டா மருந்து! இன்னொண்ணு வேஸ்ட்" என்பார். ஆனால் இது கந்து வட்டி, ஸார். டாக்டர் இரண்டு மூன்று வாரத்துக்கு என்று எழுதியதை மூன்று வருஷம் சாப்பிட்டால் உடம்பு அதற்கு அடிமையாகும். முதியவர் உடம்பில் இந்த மருந்து சீக்கிரம் கரைந்து வெளியேறாது. ராத்திரி 2 மணிக்கு பாத்ரூம் போக எழுந்தால் கால் தள்ளாடும். ஒரு விழுதல். இடுப்பு எலும்பு. அப்புறம் ஆபரேஷன், வாக்கர், ஆறு மாசம் லீவு லெட்டர். முதியவர்களுக்கு யோசித்துக் கொடுக்க வேண்டிய மருந்துகள் என்று 1991-ல் பியர்ஸ் என்கிற அமெரிக்க டாக்டர் ஆரம்பித்த பட்டியல் இன்றைக்கும் திருத்தித் திருத்தி வெளியாகிறது. இந்த வகையறா அதில் இருக்கிறது.

'தெரிஞ்ச மெடிக்கல் ஷாப்தான், சீட்டு வேண்டாம்' என்பதெல்லாம் நடக்கக் கூடாது. 2014 மார்ச் முதல் அல்ப்ரஸோலம், டயஸிபாம் எல்லாம் ஷெட்யூல் ஹெச்1 பட்டியலில் இருக்கின்றன. கடைக்காரர் டாக்டர் பெயர், நோயாளி பெயர், கொடுத்த அளவு எல்லாவற்றையும் தனி ரிஜிஸ்டரில் எழுதி 3 வருஷம் வைத்திருக்க வேண்டும் என்று சட்டம். சர்க்காரே கணக்கு எழுதச் சொல்கிற மாத்திரையை நாம் கணக்கில்லாமல் வாங்கலாமா?

அடுத்த வகை அப்பா, 'குணமாயிடுச்சு' அப்பா. இரண்டு மாசத்தில் சிரிப்பு வந்துவிட்டது, பேப்பரில் தலையங்கத்தைத் திட்ட ஆரம்பித்துவிட்டார். "இனிமே எதுக்கு மாத்திரை?" என்று ஒரே நாளில் நிறுத்திவிடுவார். மெச்சூரிட்டிக்கு முன்னால் உடைத்த டெபாசிட். குணமான பிறகும் குறைந்தது ஆறு மாசம், முதியவர்களுக்குப் பெரும்பாலும் ஒரு வருஷம் அல்லது அதற்கு மேல் தொடர வேண்டியிருக்கும். எவ்வளவு காலம் என்பது டாக்டர் கணக்கு. சடாரென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல், தூக்கமின்மை, தலைக்குள் கரண்ட் அடித்த மாதிரி ஒரு சுரீர். நிறுத்துவதென்றால் டாக்டர் சொல்கிறபடி வாரக்கணக்கில் படிப்படியாகக் குறைக்க வேண்டும். நாள்பட்ட கைமாற்று மாத்திரை என்றால் இன்னும் ஜாக்கிரதை. திடீரென்று விட்டால் வலிப்பே வரலாம்.

ஒரு வேளை மறந்துவிட்டால்? அன்றைக்கே ஞாபகம் வந்தால் போட்டுக்கொள்ளலாம். அடுத்த வேளை நெருங்கிவிட்டதென்றால் விட்டுவிட வேண்டியதுதான். நேற்றையதையும் சேர்த்து இரண்டாகப் போடுவது கூடாது. இது அரியர்ஸ் இல்லை.

இன்னும் ஒரு முக்கியமான விஷயம். அப்பாவின் மாத்திரைகள் ஒன்றோடொன்று பேசாமல் இருப்பதில்லை. மனச்சோர்வு மாத்திரை முதியவர்களுக்கு ரத்தத்தில் சோடியத்தைக் குறைக்கக்கூடும். பி.பி.க்காக நீர் பிரியும் மாத்திரையும் சாப்பிட்டால் ஆபத்து கூடுதல். அசதி, தலைவலி, தள்ளாட்டம், நேற்று வந்த மாப்பிள்ளை பெயர் மறதி. நாம் "வயசாயிடுச்சு" என்று விட்டுவிடுவோம். ஒரு ரத்தப் பரிசோதனை சொல்லிவிடும். ஆஸ்பிரினோ, முட்டிவலிக்கு டைக்ளோஃபினாக்கோ சேர்ந்தால் வயிற்றில் ரத்தக் கசிவு வரலாம். மலம் கறுப்பாகப் போனால் அன்றைக்கே டாக்டர். சளி மாத்திரை தூக்கத்தைக் கூட்டும். அப்புறம், கல்யாண வீட்டில் மச்சான் ஊற்றிக் கொடுக்கிற 'ஒரே ஒரு ரவுண்டு' இந்த மாத்திரைகளோடு சேரவே கூடாது. கைமாற்று வகையோடு சேர்ந்தால் மூச்சே மந்தமாகலாம். இதய டாக்டருக்கும் மூட்டு டாக்டருக்கும் மன டாக்டருக்கும் ஒரே பட்டியலைக் காட்ட வேண்டும். சித்த மருந்து, லேகியம் உட்பட.

கூடவே ஒன்றைக் காதில் வாங்கிக்கொள்ளுங்கள். "நான் இருந்து யாருக்கு என்ன பிரயோஜனம்?" என்று அப்பா சொன்னால் அதைப் புலம்பல் என்று தள்ளாதீர்கள். பக்கத்தில் உட்கார்ந்து, சாகத் தோன்றுகிறதா என்று நேரடியாகவே கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது. மாத்திரை டப்பாவை உங்கள் கையில் வைத்துக்கொண்டு, அன்றைக்கே டாக்டரைப் பாருங்கள். ராத்திரி வேளை என்றால் 14416. 'டெலி மானஸ்' என்று 2022 அக்டோபரில் மத்திய அரசு ஆரம்பித்த இலவச எண். எந்த நேரமும் பேசலாம், தமிழிலேயே பேசலாம்.

நாம் மாசம் ஒண்ணாம் தேதி பணம் அனுப்பிவிட்டு, ஃபோனில் "மாத்திரை போட்டீங்களாப்பா?" என்று கேட்பதோடு கடமை முடிந்ததாக நினைக்கிறோம். "போட்டேன், போட்டேன்" என்பார். எந்த அப்பா இல்லை என்று சொல்லியிருக்கிறார்?

இந்த ஞாயிற்றுக்கிழமை மேட்சில் லஞ்ச் விடுகிற நேரம் போதும். அலமாரியில் இருக்கிற அட்டைகளை எல்லாம் மேஜையில் கொட்டுங்கள். மருந்து பெயர், எத்தனை மில்லிகிராம், எந்த வேளை, எந்த டாக்டர், எப்போது ஆரம்பித்தது என்று ஒரு தாளில் எழுதுங்கள். காலாவதியானதைத் தனியாக எடுங்கள். ஏழு நாள் பெயர் போட்ட பிளாஸ்டிக் டப்பா ஒன்று மெடிக்கல் ஷாப்பிலேயே கிடைக்கும். பார்வை மங்கின அப்பாவுக்கு அது பெரிய உதவி. கடைசியாக டாக்டரைப் பார்த்து ஆறு மாசத்துக்கு மேல் ஆகியிருந்தால் அங்கேயே அப்பாயின்ட்மென்ட் வாங்குங்கள்.

அவர் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, "எண்ணிட்டியா? சரி, உன் பி.பி.யை எப்ப பார்த்தே?" என்பார்.

பதிலைத் தயாராக வைத்துக்கொண்டு போங்கள்.